டெண்டர் டெஸ்க்குக்குப் புதுசா? பல நாடு சேர்ந்து மருந்து வாங்குற டெண்டர இப்படிப் பாருங்க

அந்தேரி ஈஸ்ட்ல மரோல், சாக்கிநாக்கா பக்கம் போனா மருந்து எக்ஸ்போர்ட் ஆபீஸ் தெருவுக்கு ரெண்டு இருக்கும். நம்ம ஊர்ல பி.ஃபார்ம் முடிச்சுட்டு மும்பை வந்து, சயான்லயோ செம்பூர்லயோ சொந்தக்காரங்க வீட்ல தங்கி வேலை தேடுற பசங்க பொண்ணுங்க நிறைய பேரு கடைசில இப்படி ஒரு ஆபீஸ்ல டெண்டர் டெஸ்க்லதான், அதாவது வாங்குறவங்க விடுற டெண்டருக்கு விலை போட்டு பேப்பர் தயார் பண்ற இடத்துல, வந்து உக்கார்றாங்க. ரெகுலேட்டரி பக்கம்னா சொல்லிக்குடுக்க ஒரு சீனியர் இருப்பாரு, இங்க அதெல்லாம் கிடையாது, ஒரு மெயில ஃபார்வர்ட் பண்ணிட்டு "இத கொஞ்சம் பாரு"ன்னு போயிடுவாங்க, திறந்து பாத்தா வாங்குறது ஒரு நாடு இல்ல, ஒம்பது நாடு, டெண்டர் ஒண்ணுதான் ஆனா டெலிவரி அட்ரஸ் ஒம்பது. இது என்னடா கணக்குன்னு முழிக்கிறவங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

தமிழ்நாட்டுல இருந்து வந்தவங்களுக்கு இதுல பாதி ஏற்கெனவே தெரியும். 1994ல தமிழ்நாடு மெடிக்கல் சர்வீசஸ் கார்ப்பரேஷன் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் மாவட்ட ஆஸ்பத்திரி ஒவ்வொண்ணும் தனியா பேரம் பேசுறத விட்டாங்க, மாநிலத்துக்கே ஒரே லிஸ்ட், ஒரே டெண்டர், டெக்னிக்கல் கவர் தனி விலைக் கவர் தனி, வந்த சரக்க லேப்ல டெஸ்ட் பண்ணிட்டுதான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புறது, எடுத்த மருந்த பட்ஜெட்ல கழிச்சு எழுத ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். ஜிஎச்ல குடுக்குற மாத்திரை அட்டைல கவர்மெண்ட் முத்திரை பாத்திருப்பீங்கல்ல, அதே ஏற்பாடுதான். அந்த மாடல அப்புறம் கேரளா, ராஜஸ்தான்லாம் எடுத்துக்கிட்டாங்க. இப்ப மாவட்டம்ங்கிற இடத்துல நாடுன்னு போட்டுக்கோங்க. ஆனா மாவட்டத்துக்கு சொந்தமா கரன்சி கிடையாது, சொந்தமா டிரக் கன்ட்ரோலர் கிடையாது, எலெக்ஷன் முடிஞ்சதும் "போன மினிஸ்டர் போட்ட ஒப்பந்தம் எனக்கு வேணாம்"னு சொல்ற ஆளும் கிடையாது. நாட்டுக்கு இது மூணுமே இருக்கு, டெண்டர்ல வர்ற தலைவலி முக்காவாசி இதுலேர்ந்துதான் வருது.

மும்பைக்குள்ளயே பாக்கணும்னா பரேல் டாட்டா மெமோரியல் நடத்துற நேஷனல் கேன்சர் கிரிட் இருக்கு. நாடு முழுக்க இருக்குற கேன்சர் ஆஸ்பத்திரிகள்ல 23 சென்டர் சேர்ந்து 40 மருந்துக்கு ஒண்ணா விலை பேசினாங்க, மருந்தப் பொறுத்து 23 சதவீதத்துல இருந்து 99 சதவீதம் வரைக்கும் விலை இறங்குச்சு. ஜெனரிக் (பேட்டன்ட் இல்லாம பல கம்பெனி பண்றது) இருக்குற மருந்துல சரிவு ஜாஸ்தி, ஒரே கம்பெனி மட்டும் பண்ற மருந்துல கம்மி. இத மனசுல வெச்சுக்கோங்க. போட்டி இல்லாத மருந்துக்கு எத்தன பேரு கூட்டம் சேர்ந்தாலும் ஒரு அளவுக்கு மேல விலை அசையாது.

மொத வேலை: இது எந்த ரகம்னு கண்டுபிடிக்கிறது

சேர்ந்து வாங்குறதுன்னு பொதுவா சொன்னாலும் அதுல நாலு படி இருக்கு. மொத படில நாடுகள் விலையையும் சப்ளையர் விவரத்தையும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவாங்க, அவ்ளோதான், வாங்குறது அவங்கவங்க இஷ்டம். ரெண்டாவது படில சேர்ந்தே மார்க்கெட்ட அலசுவாங்க, எந்த சப்ளையர் சொதப்பினான்னு நோட் பண்ணிக்குவாங்க, ஆனா ஆர்டர் தனித்தனிதான். மூணாவதுல விலையையும் சப்ளையரையும் சேர்ந்து முடிவு பண்ணிட்டு, அந்த விலைல ஒவ்வொரு நாடும் தானே ஆர்டர் போட்டு தானே பணம் கட்டும். நாலாவதுலதான் எல்லாருக்கும் பதிலா ஒரே ஆபீஸ் டெண்டர் விட்டு, கான்ட்ராக்ட் போட்டு, பேமெண்ட் வரைக்கும் பாத்துக்கும்.

வளைகுடா நாடுங்க பண்றது மூணாவது ரகம். 1970கள் கடைசிலயே ஆரம்பிச்சுட்டாங்க, ரியாத்ல இருக்குற கல்ஃப் ஹெல்த் கவுன்சில் மூலமா டெண்டர் நடக்கும், அவார்டு ஆனதும் (டெண்டர் யாருக்குன்னு முடிவானதும்) சவூதி, குவைத், ஓமன்னு தனித்தனியா ஆர்டர் வரும். கிழக்கு கரீபியன்ல குட்டி குட்டித் தீவுங்க ஒம்பது சேர்ந்து 1986ல செயின்ட் லூசியாவ மையமா வெச்சு ஆரம்பிச்சது நாலாவது ரகம், மேல சொன்ன ஒம்பது அட்ரஸ் டெண்டர் அங்கேர்ந்துதான் வரும். வாஷிங்டன்ல இருக்குற பான் அமெரிக்கன் ஹெல்த் ஆர்கனைசேஷன், சுருக்கமா பாஹோ, தடுப்பூசிக்கு ரிவால்விங் ஃபண்டு, மருந்துக்கு ஸ்ட்ராட்டஜிக் ஃபண்டுன்னு ரெண்டு வெச்சிருக்கு, அதுவும் நாலாவது பக்கம்தான். தெற்கு ஆப்பிரிக்க நாடுகளோட கூட்டமைப்பு எஸ்ஏடிசி, தான்சானியாவோட மெடிக்கல் ஸ்டோர்ஸ் டிபார்ட்மெண்ட்ட பொறுப்பாக்கி, தகவல் பகிர்றதுலேர்ந்து மேல ஏறப் பாக்குது. ஆப்பிரிக்க ஒன்றியத்தோட சுகாதார அமைப்பு ஆப்பிரிக்கா சிடிசி, கண்டம் முழுக்கவே ஒரு ஏற்பாடு பண்ணிட்டு இருக்கு, அதுக்கு ஆப்பிரிக்க நாடுகளோட ஏற்றுமதி இறக்குமதி வங்கி ஆஃப்ரெக்சிம் பேங்க் 2 பில்லியன் டாலர் வரைக்கும் கடன் வசதின்னு அறிவிச்சிருக்கு.

இத எதுக்கு மொதல்ல பாக்கச் சொல்றேன்னா, ரகம் மாறினா நீங்க போடுற விலையே மாறும். மூணாவது ரகத்துல பணம் கட்டுறது ஒவ்வொரு நாட்டு மினிஸ்ட்ரியும் தனித்தனியா, வேகமும் வேற வேற. நாலாவதுல ஒரே கல்லா. டெண்டர் டாக்குமெண்ட்ல "பேமெண்ட் டெர்ம்ஸ்"னு ஒரு பக்கம் இருக்கும், நூத்துச் சொச்சம் பக்கத்துல அத மொதல்ல திறந்து படிங்க, அப்புறம் மத்தது.

பணம்தான் விஷயம், அளவு அப்புறம்

வெளில எல்லாரும் சொல்றது, நிறைய வாங்கினா விலை குறையும்னு. சரிதான், ஆனா அது பாதிக் கதை. டெண்டர் ஷீட்ட எடுத்துக்கிட்டு சேட்டு (முதலாளி) கேபினுக்குள்ள போங்க, அவரு எத்தன லட்சம் மாத்திரைன்னு மொதல்ல கேக்க மாட்டாரு, "பைசா கப் ஆயேகா", பணம் எப்ப வரும்னுதான் கேப்பாரு. கணக்கப் பாருங்க, ஒர்க்கிங் கேப்பிடலுக்கு வருஷத்துக்கு 12 சதவீத வட்டின்னு வெச்சுக்கோங்க, பேமெண்ட் 9 மாசம் இழுத்தா அதுலயே 9 சதவீதம் போச்சு, ஜெனரிக் டெண்டர்ல மார்ஜினே பல சமயம் அவ்ளோ இருக்காது. அதனால பணம் எப்ப வரும்னு தெரியாத வாங்குறவனுக்கு எல்லா சப்ளையரும் சத்தமில்லாம விலைல ஒரு பயத்தையும் சேத்துதான் கோட் பண்றான். அந்த பயத்த எடுத்துட்டா விலை தானா இறங்கும்.

கரீபியன்காரங்க இத ஆரம்பத்துலயே புரிஞ்சுக்கிட்டாங்க. ஒவ்வொரு நாடும் தன்னோட வருஷ மருந்து பட்ஜெட்ல மூணுல ஒரு பங்க அவங்க பொதுவான சென்ட்ரல் பேங்க்ல, கிழக்கு கரீபியன் சென்ட்ரல் பேங்க்ல, மருந்துக்குன்னே ஒரு கணக்குல போடணும்னு வெச்சாங்க, சரக்கு வந்தா சப்ளையருக்கு அங்கேர்ந்தே ஃபாரின் எக்ஸ்சேஞ்ச்ல பேமெண்ட். மொத சுத்துலயே சராசரி விலை பாதிக்கு மேல இறங்குச்சு. ஒம்பது தீவு மக்கள் தொகையச் சேத்தா ஒரு மும்பை வார்டு அளவுக்குத்தான் வரும், அதுல மான்ட்செராட்ல அஞ்சாயிரம் பேரு கூட கிடையாது. அளவ மட்டும் வெச்சு விலை பாதியாகாதுங்க, நேரத்துக்குப் பணம் வரும்ங்கிற நம்பிக்கைலதான் ஆச்சு.

பாஹோவோட ரிவால்விங் ஃபண்டுலயும் இதே தந்திரம்தான், ஃபண்டு முன்னாடி கட்டிடும், சரக்கு வந்து 60 நாளுக்குள்ள அந்த நாடு திருப்பிக் கட்டணும். ஆனா அவங்களோட ஒரு கண்டிஷன் கம்பெனிக்காரங்களுக்கு ஆகவே ஆகாது, உலகத்துலயே கம்மி விலை எங்களுக்குத்தான் தரணும்ங்கிறது. ஆப்பிரிக்க ஏழை நாடுகளுக்கு இன்னும் கம்மியா தரலாம்னு நெனச்ச கம்பெனி கூட இதுக்காக யோசிச்சுது, அத வெச்சு பெரிய சண்டையே நடந்துச்சு. எனக்கு ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிற மாதிரிதான் படுது.

மும்பைலயே இதுக்கு ஒரு பழைய கதை. 2001ல சிப்லாவோட யூசுஃப் ஹமீது எச்ஐவி கூட்டு மருந்த ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 350 டாலர்னு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு எம்எஸ்எஃப்புக்கு ஆஃபர் பண்ணாரு, அப்ப பெரிய கம்பெனிங்க விலை பத்தாயிரம் டாலருக்கு மேல. இத எல்லாரும் சொல்லுவாங்க. 2003ல கிளிண்டன் ஃபவுண்டேஷன் பல நாட்டு டிமாண்ட ஒண்ணா சேத்து, இவ்ளோ வாங்குவோம், இப்படிப் பணம் வரும்னு சொல்லி இந்திய கம்பெனிங்ககிட்ட பேசினப்ப அதே மருந்து சுமார் 140 டாலருக்கு வந்துச்சே, அதத்தான் டெண்டர் டெஸ்க்ல இருக்கறவங்க படிக்கணும்.

அடுத்தது லிஸ்டும் ஸ்பெக்கும்

உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல் 1977லேர்ந்து இருக்கு, ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பாங்க. பல நாடு சேர்றப்ப எல்லாருக்கும் பொதுவான லிஸ்டுக்கு அடிப்படை இதுதான். ஆனா பேரு ஒத்துப்போனா மட்டும் போதாது, ஒரு நாட்டு டாக்டருக்கு அமாக்சிசிலின் 250 கேப்சூல் பழக்கம், இன்னொருத்தருக்கு 500, குழந்தைக்கு ஒருத்தர் ட்ரை சிரப்பு கேப்பாரு, இன்னொருத்தர் தண்ணில கரையுற மாத்திரை கேப்பாரு, ஒருத்தருக்கு ப்ளிஸ்டர் இன்னொருத்தருக்கு ஆயிரம் மாத்திரை டப்பா, லேபிள் ஒரு இடத்துல இங்கிலீஷ் ஒரு இடத்துல பிரெஞ்சு இன்னொரு இடத்துல போர்ச்சுகீஸ். ஸ்பெக் இப்படிச் சிதறிப்போச்சுன்னா "மொத்த அளவு"ங்கிறது பேப்பர்லதான், பிளாண்ட்டுக்கு அது அஞ்சாறு சின்ன ஆர்டர்.

அதனால எக்செல்ல ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஸ்ட்ரெங்த், டோசேஜ் ஃபார்ம், பேக், லேபிள் மொழி நாலுக்கும் தனி காலம் போட்டு நாடு வாரியா நிரப்புங்க. சலிப்பான வேலைதான். ஆனா இத முடிச்சப்பறம் எந்த ஐட்டம் நிஜமாவே பெரிசு, எது பேருக்குப் பெரிசுன்னு தன்னால தெரிஞ்சுடும். ஆக்சிடோசின் மாதிரி ஃபிரிட்ஜ் வெப்பத்துலயே போகவேண்டிய ஐட்டத்த வேற கலர்ல மார்க் பண்ணிடுங்க, அதோட ஃபிரைட் கணக்கே வேற.

பேப்பர்

இதுல பக்கத்து டெஸ்க் ஆர்ஏ (ரெகுலேட்டரி அஃபேர்ஸ்) ஆளுதான் உங்களுக்குத் தெய்வம், டீ வாங்கிக் குடுத்து வெச்சுக்கோங்க. டபிள்யூஎச்ஓ (உலக சுகாதார நிறுவனம்) ஜிஎம்பி சர்டிஃபிகேட், அதாவது தயாரிப்பு முறை சரின்னு சொல்றது, ஒவ்வொரு ப்ராடக்டுக்கும் சி.ஓ.பி.பி (சர்டிஃபிகேட் ஆஃப் ஃபார்மசூட்டிகல் ப்ராடக்ட்), மருந்து எவ்ளோ நாள் கெடாம இருக்கும்னு காட்டுற ஸ்டெபிலிட்டி டேட்டா இது மூணும் இல்லாம ஒண்ணும் நகராது. ஸ்டெபிலிட்டில 30 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம்னு கேட்டா 65 சதவீதத்துல எடுத்த டேட்டா செல்லாது, வெளில இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும், நம்பர உத்துப் பாருங்க. எச்ஐவி, டிபி, மலேரியா ஐட்டம்னா பொதுவா டபிள்யூஎச்ஓ ப்ரீகுவாலிஃபிகேஷனோ (முன்கூட்டியே தரம் பாத்து குடுக்குற ஒப்புதல்) கடுமையான ரெகுலேட்டர் ஒருத்தரோட அனுமதியோ கேப்பாங்க, ரெண்டுமே இல்லாம ஜெனீவா குளோபல் ஃபண்டு பக்கமோ டிபி மருந்து வாங்குற குளோபல் டிரக் ஃபெசிலிட்டி பக்கமோ சும்மா எட்டிப் பாக்காதீங்க.

ரெஜிஸ்ட்ரேஷன்தான் நிஜமான மலை. டெண்டர் ஜெயிச்சாலும் அந்த நாட்டுல ப்ராடக்ட் ரெஜிஸ்டர் ஆகாம சரக்கு இறங்காது, ஒம்பது நாட்டுக்கு ஒம்பது டோசியர்னா (ரெஜிஸ்ட்ரேஷனுக்குக் குடுக்குற ஆவணக் கட்டு) சின்ன கம்பெனி செத்துடும். இதுக்குத்தான் ரெகுலேட்டருங்களும் சேர ஆரம்பிச்சாங்க, ஜாம்பியா, ஜிம்பாப்வே, போட்ஸ்வானா, நமீபியா நாலும் 2013ல ஸாஸிபோனான்னு ஒண்ணு தொடங்கி டோசியர சேர்ந்து பாக்குறாங்க, அப்புறம் மத்த நாடுங்களும் அதுல வந்துச்சு. கரீபியன்லயும் பொதுவான ரெகுலேட்டரி சிஸ்டம் இருக்கு. ஆப்பிரிக்கா முழுக்க ஒரு மெடிசின்ஸ் ஏஜென்சிக்கான ஒப்பந்தம் 2021 நவம்பர்ல அமலுக்கு வந்துச்சு, தலைமையகம் கிகாலி. வாங்குறது மட்டும் சேர்ந்து, அனுமதி தனித்தனியான்னா அந்தக் கூட்டணி ரொம்ப நாள் ஓடாதுங்கிறது என் அபிப்பிராயம்.

சிரப்பு ஐட்டம் இருந்தா ஒண்ணு கவனம். 2022ல காம்பியாவுல இருமல் சிரப்பு சம்பந்தமா குழந்தைங்க இறந்த விஷயத்துக்கு அப்புறம், 2023 ஜூன் 1லேர்ந்து இருமல் சிரப்பு எக்ஸ்போர்ட் பண்ணணும்னா அரசு அங்கீகரிச்ச லேப்ல டெஸ்ட் பண்ணி சர்டிஃபிகேட் வாங்கணும். அந்த நாளையும் டெலிவரி டைம்ல சேத்துக்கோங்க.

இன்னொண்ணு, ஐ.நா. ஏஜென்சிங்க டெண்டருக்கு யுஎன் குளோபல் மார்க்கெட்பிளேஸ்ல ரெஜிஸ்டர் பண்ணணும், அது ஃப்ரீ. நாங்க பண்ணித் தர்றோம், இவ்ளோ ஆயிரம் ஆகும்னு ஃபோன் வந்தா வெச்சுடுங்க. ஃபார்மெக்சில் (மருந்து எக்ஸ்போர்ட் ஊக்குவிப்பு கவுன்சில்) மெம்பர்ஷிப் கம்பெனிக்கு ஏற்கெனவே இருக்கும், எக்ஸ்பைரி டேட் மட்டும் செக் பண்ணிக்கோங்க.

விலை போடுறது

டெண்டர்ல போட்டிருக்குற அளவு ஃபோர்காஸ்ட்டா, கட்டாயமா வாங்குவாங்களா? "எஸ்டிமேட்டட் குவான்டிட்டி, நான் பைண்டிங்"னு இருந்தா அது வெறும் ஆசை. ஃபோர்காஸ்ட் 20 லட்சம்னு சொல்லி அந்த விலை வாங்கிட்டு ஆர்டர் 4 லட்சத்துல நிக்கிறது சகஜம், ஏன்னா ஏதாவது ஒரு நாடு நடுவுல லோக்கல் கம்பெனிகிட்ட வாங்கிடும். இந்தக் கூட்டு ஏற்பாடு பல இடத்துல சரியா நிக்காமப் போறதுக்கு இதுவும் ஒரு காரணம், வெளில நின்னா இன்னும் கம்மி விலை கிடைக்கும்னு ஒரு நாடு நழுவும், மீதி நாடுங்க அளவு குறைஞ்சு விலை ஏறும், அதப் பாத்து அடுத்த நாடு நழுவும். பழைய வருஷ ஆர்டர் விவரம் கிடைச்சா ஃபோர்காஸ்ட்டோட ஒப்பிட்டு ஒரு விகிதம் எடுத்து வெச்சுக்கோங்க. குளோபல் ஃபண்டு தன் பணத்துல வாங்கின மருந்தோட விலைய வெளிப்படையா போடுது, அதப் பாத்தா உங்க விலை எங்க நிக்குதுன்னும் ஓரளவு தெரியும்.

அவார்டு ஒருத்தருக்கா ரெண்டு பேருக்கான்னும் பாருங்க. விவரமான வாங்குறவங்க பெரிய பங்கு ஒருத்தருக்கு, மிச்சம் இன்னொருத்தருக்குன்னு பிரிச்சுதான் குடுப்பாங்க. மொத்தமும் ஒருத்தன்கிட்ட போனா என்ன ஆகும்னு 2021ல உலகமே பாத்துச்சு, கொரோனா தடுப்பூசிய ஏழை நாடுகளுக்கும் வாங்கித் தர்ற சர்வதேச ஏற்பாடு கோவேக்ஸ், புனே சீரம் இன்ஸ்டிட்யூட்ட ரொம்ப நம்பியிருந்துச்சு, மார்ச்ல இங்க ரெண்டாவது அலை ஏற ஏற எக்ஸ்போர்ட் நின்னுச்சு, ஆப்பிரிக்கால ஊசிக்குக் காத்திருந்தவங்க காத்துக்கிட்டே இருந்தாங்க. ரெண்டாவது இடத்துல வந்தாலும் கம்பெனிக்கு அது நல்ல இடம்னு சேட்டுக்குப் புரிய வைக்கிறது உங்க பாடு.

விலை போட்டப்பறம் வாய மூடிக்கோங்க. அந்தேரி ஸ்டேஷன்ல பாதிப் பேரு ஃபார்மாகாரங்கதான், போன கம்பெனி நண்பன் இப்ப போட்டி கம்பெனில இருப்பான், டீக்கடைல "நீங்க எவ்ளோ போட்டீங்க"ன்னு சாதாரணமா கேப்பான். அது கார்ட்டல் கேஸ், மாட்டினா கம்பெனியயே பிளாக்லிஸ்ட் பண்ணுவாங்க.

நம்ம பக்கம் ஏன் இது இல்ல?

புதுசா வர்ற எல்லாரும் கேக்குற கேள்வி இது. இத்தனைக்கும் யோசனையே நம்ம பக்கத்து வீட்லேர்ந்து வந்ததுதான். இலங்கைல பேராசிரியர் சேனக பிபிலே தலைமைல 1971ல ஸ்டேட் ஃபார்மசூட்டிகல்ஸ் கார்ப்பரேஷன் வந்து, ஜெனரிக் பேர்ல உலக அளவுல டெண்டர் விட்டு ஒரே இடத்துல வாங்க ஆரம்பிச்சாங்க. 1976 கொழும்பு அணிசேரா மாநாட்டுல வளரும் நாடுகள் மருந்து விஷயத்துல ஒத்துழைக்கணும்னு தீர்மானமே போட்டாங்க. பிபிலே இந்த வேலையா கயானா போன இடத்துல 1977ல இறந்துட்டாரு. அதே இலங்கை 2022ல டாலர் இல்லாம, அடிப்படை மருந்துக்கே தட்டுப்பாடு வந்து நின்னுச்சு, பக்கத்துல உலகத்துக்கே ஜெனரிக் அனுப்புற நாடு இருந்தும்.

2018ல டெல்லில உலக சுகாதார நிறுவனத்தோட தென்கிழக்கு ஆசிய பிராந்தியக் கூட்டத்துல மருந்து கிடைக்குறதப் பத்தி டெல்லி பிரகடனம்னு ஒண்ணு நிறைவேத்தினாங்க, ரெகுலேட்டருங்களுக்குள்ள ஒரு நெட்வொர்க்கும் ஓடுது. சார்க் உச்சி மாநாடு 2014 காட்மாண்டுக்கு அப்புறம் நடக்கவே இல்ல, அங்க எதுவும் நகரும்னு நம்ப முடியல. அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும், சேர்ந்து வாங்கினா லாபம் மாலத்தீவு, பூடான், இலங்கைக்கு. இந்தியா இங்க விக்கிற ஆளு, மாலேக்கும் கொழும்புக்கும் தனித்தனியா வித்து நல்ல விலை பாக்குற ஆபீஸ்ல உக்காந்துதான் நானும் இத எழுதுறேன். விக்கிறவனே முன்னாடி நின்னு "எல்லாரும் சேர்ந்து வந்து என் விலைய இறக்குங்க"ன்னு சொல்லணும்னா, பணம் நேரத்துக்கு வரும்னு அவனுக்கு ஒரு பேங்க் எழுதிக் குடுக்கணும், கரீபியன்ல பண்ண மாதிரி. அந்த பேங்க் பேச்ச இங்க யாரும் எடுக்கல.

அவார்டுக்கு அப்புறம்

ஜெயிச்சதும் ஆபீஸ்ல ஸ்வீட் வரும், சாப்பிட்டுட்டு ஷெல்ஃப் லைஃப் கணக்குக்கு உக்காருங்க. 24 மாச மருந்து, போய்ச் சேர்றப்ப 75 சதவீதம் மிச்சம் இருக்கணும்னு டெண்டர்ல இருந்தா, தயாரிச்ச நாள்லேர்ந்து அங்க கிடங்குக்குள்ள போற வரைக்கும் உங்க கைல மொத்தமே 6 மாசம்தான். அதுல க்யூசி (தரக் கட்டுப்பாடு) ரிலீஸ், டெஸ்டிங், பேக்கிங், நவசேவா போர்ட்ல கன்டெய்னருக்காகக் காத்திருக்கிறது, நடுவுல ஒரு போர்ட்ல கப்பல் மாத்துறது, அங்க கஸ்டம்ஸ் எல்லாம் அடங்கணும். சின்னத் தீவுக்கு கன்டெய்னரே நிறையாது, மத்தவங்க சரக்கோட சேர்ந்துதான் போகும், அது கிளம்புற நாள் உங்க கைல இல்ல. அதனால ஆர்டர் வந்ததுக்கு அப்புறம் போடுற பேட்ச்சா இருந்தாதான் தாங்கும். பிளாண்ட் குடோன்ல ஏற்கெனவே கெடக்குற ஸ்டாக்க இதுல தள்ளிடலாம்னு சேல்ஸ்ல யாராவது சொன்னா, பேட்ச் நம்பரையும் மேனுஃபேக்சரிங் டேட்டையும் மெயில்ல அனுப்புங்கன்னு கேளுங்க, வாய்ல சொன்னத ஏத்துக்காதீங்க.